ஒரே இரவில் மூன்று மரணங்கள்... டாக்டருக்கு முன்பே நர்ஸை உருவாக்கிய ஐடா ஸ்கடர்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு உங்க வீட்டுலயும் அந்தப் பேச்சு ஆரம்பிச்சிருக்கும். அடுத்து என்ன படிக்கிறது?

இளையரசனேந்தல் மாதிரி ஒரு கரிசல் காட்டு ஊர்ல இருந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய்ப் படிச்சு முடிச்ச பொண்ணு நீங்கன்னு வச்சுக்குவோம். மொபைல்ல நர்சிங் அட்மிஷன் விவரத்தைத் தேடிட்டு இருக்கீங்க. திண்ணையில உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர் எட்டிப் பார்க்கிறார். அடுத்தவங்க பீ மூத்திரம் அள்ளுற வேலை நமக்கு எதுக்கும்மா என்று கேட்கிறார். அவருக்கு உங்க மேல கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், அந்தக் கேள்விக்கு வயசு 100-க்கும் மேல.

அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்தவர் ஐடா சோபியா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. டாக்டர்களை உருவாக்கும் பள்ளியை அவர் தொடங்கியது 1918-ல். நர்ஸ்களுக்கான பள்ளியைத் தொடங்கியதோ 1909-ல். அதாவது, ஒன்பது வருஷம் முன்னாடியே!

ஏன் நர்ஸ் முதலில், டாக்டர் பிறகு? அதைத் தெரிஞ்சுக்கணும்னா, இந்தியா பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நினைத்த ஓர் இளம்பெண்ணிடம் இருந்து ஆரம்பிக்கணும்.

ஊர் வேண்டாம் என்றவர்

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, நம்ம ராணிப்பேட்டையில். அமெரிக்கக் குடும்பம்தான். ஆனால், தமிழ் மண்ணோடு அவர்களுக்கு மூன்று தலைமுறை உறவு. தாத்தா ஜான் ஸ்கடர், 1820 வாக்கில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்த மிஷனரி டாக்டர். பிறகு சென்னைக்கு வந்தார். அப்பாவும் மிஷனரி டாக்டர். பெரியப்பா, சித்தப்பா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மிஷனரிகள்.

இப்படியொரு குடும்பத்தில் பிறந்தால் நீங்களும் அதையேதான் செய்யணும்னு எல்லோரும் எதிர்பார்ப்பாங்க, இல்லையா? ஐடாவுக்குப் பிடிக்காததே அந்த எதிர்பார்ப்புதான்.

அவருக்கு ஆறேழு வயதாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம். கரிசல் பக்கம் வயசானவர்கள் இன்றும் பஞ்சக் கதை பேசினால் தாது வருஷத்தைத் தொடாமல் பேச மாட்டார்கள். எலும்பும் தோலுமான குழந்தைகளை வேலூரில் ஐடா கண்ணால் பார்த்தார். சினிமாவாக இருந்தால் அந்த இடத்திலேயே அவர் டாக்டராகச் சபதம் எடுத்திருப்பார். நிஜத்தில் நடந்தது நேர்மாறு. அந்தக் காட்சிகள் அவரை இந்த ஊரிலிருந்து விலகி ஓடவே வைத்தன.

குடும்பம் அமெரிக்கா போனது. சில வருடங்களில் அப்பாவும் அம்மாவும் அவரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த அந்தப் பெண்ணின் கனவு ரொம்ப சிம்பிள். அமெரிக்காவில் நல்ல இடத்தில் கல்யாணம், வசதியான வாழ்க்கை. அவ்வளவுதான்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். கொஞ்ச நாள் கூடமாட ஒத்தாசையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா வந்தார்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஒருநாள் இரவு. கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை பிறக்கவில்லை, உயிருக்குப் போராடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு 14 வயதுதான் என்று சொல்லப்படுகிறது. ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்த இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் தன் மனைவியைத் தொடுவதை அவர் குடும்ப வழக்கம் ஏற்காது.

அவர் போன பிறகு மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்த முறை ஒரு முஸ்லிம். அதே பிரசவ ஆபத்து, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரும் பெண் டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனார்.

ஐடாவால் அன்று இரவு தூங்க முடியவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்துவர ஆள் அனுப்பினார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த மூன்று பெண்களும் ஏன் செத்தார்கள்? ஊரில் டாக்டர் இல்லாததாலா? டாக்டர் இருந்தார். கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில், அதே வீட்டில் இருந்தார். இல்லாமல் போனது, அவர்கள் வீட்டுக்குள் போய் அவர்களைத் தொடக்கூடிய, படித்த ஒரு பெண்ணின் கை. மூன்று குடும்பங்கள், மூன்று விதமான சமூகம். ஆனால், மூன்று வீட்டுப் பெண்களுக்கும் கிடைக்காமல் போனது ஒன்றேதான்.

இந்தக் கணக்கு ஐடாவுக்கு அன்று காலையில் புரிந்துவிட்டது. பிறகு அவர் செய்த எல்லாமே அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான்.

அவர் அமெரிக்கா திரும்பினார், ஆனால் கல்யாணம் பண்ணிக்கொள்ள இல்லை. 1895-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கே மாறினார். 1899-ல் அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் அவரும் ஒருவர். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தன் மனைவியின் நினைவாக வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தோடு ஐடா மீண்டும் கப்பல் ஏறினார்.

ஒற்றைப் படுக்கையில் ஆரம்பம்

1900-ல் வேலூர். கூட இருந்து தொழில் பழக்குவார் என்று நம்பியிருந்த அப்பா, மகள் வந்த சில மாதங்களிலேயே இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகாத டாக்டர். துணைக்கு இன்னொரு டாக்டர் கிடையாது. ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பமானது. முதல் இரண்டு வருடங்களில் பார்த்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

40 படுக்கை, ஒரு டாக்டர். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, சிக்கல் எங்கேன்னு உங்களுக்கே தெரியும்.

டாக்டர் வந்து ஆபரேஷன் பண்ணிட்டுப் போயிடலாம். அதுக்கப்புறம் ராத்திரி முழுக்க அந்த நோயாளிக்கு ரத்தம் கசிகிறதா என்று பார்க்கிறது யார்? புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுறது யார்? ஜுரம் ஏறுதா இறங்குதான்னு குறிச்சு வைக்கிறது யார்?

இன்னொரு விஷயத்தையும் நாம மறந்துடறோம். பென்சிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1940-களில்தான். அதற்கு முன்பு டைஃபாய்டு, நிமோனியா போன்ற நோய்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கப் பெரிதாக மருந்து இல்லை. உடம்பைத் துடைத்து ஜுரத்தைத் தணிப்பது, நீராகாரம் கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது... இதுதான் வைத்தியமே. அதாவது, நர்ஸின் பராமரிப்பே சிகிச்சை.

பிரசவத்தில் இது இன்னும் முக்கியம். கை கழுவாமல் பிரசவம் பார்ப்பதே தாய்க்கு ஜன்னி ஜுரத்தைக் கொண்டுவருகிறது என்பதை 1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். சோப்பு போட்டுக் கழுவிய கை, கொதிக்க வைத்த கத்தரிக்கோல், சுத்தமான துணி. இந்த மூன்றும் தெரிந்த ஒரு பெண் ஊருக்கு ஒருத்தி இருந்தாலே எத்தனையோ தாய்மார்கள் பிழைப்பார்கள். அதற்கு எல்லோரும் கார்னெல் வரை போய்ப் படிக்க வேண்டியதில்லை.

நர்ஸ் பள்ளியின் கனவு என்ன?

தன்னோடு இருந்த சலோமி என்ற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்ததில் ஆரம்பித்தது ஐடாவின் நர்சிங் வகுப்பு. அது 1909-ல் முறையான பள்ளியாக மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்த டெலியா ஹவுட்டன் என்ற பயிற்சி பெற்ற நர்ஸ் அதைக் கட்டி எழுப்பியதில் முன்நின்றார். லண்டனில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் நர்சிங் பள்ளி தொடங்கி அப்போது அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது.

பள்ளி தொடங்குவது ஒரு வேலை. பெண்களைச் சேர்ப்பது வேறு வேலை. உங்க திண்ணைப் பெரியவரின் கேள்வி அப்போது ஊரே கேட்ட கேள்வி. முன்பின் தெரியாதவரின் மலத்தையும் ரத்தத்தையும் தொடுவதா? யார் என்ன சாதி என்று தெரியாமலா? கல்யாணம் ஆகாத பெண் வெளியூரில் தங்கி, ராத்திரி கண் விழித்து வேலை பார்ப்பதா? இதற்கெல்லாம் அன்று எளிதில் சம்மதித்த குடும்பங்கள் குறைவு. அதனால்தான் ஆரம்ப காலத்தில் நர்சிங் படிக்க வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்களே அதிகம். ஆதரவற்ற பெண்களுக்கும், இளம் வயதில் கணவனை இழந்தவர்களுக்கும் சொந்தக் காலில் நிற்க ஒரு வழியாகவும் இந்தப் படிப்பு இருந்தது.

இது ஒரு மிஷன் பள்ளி. அதை மறைக்க வேண்டியதில்லை. காலையில் ஜெபம் உண்டு. பணம் அனுப்பிய சபைகளுக்கு மதம் சார்ந்த எதிர்பார்ப்பும் உண்டு. மிஷனரி மருத்துவத்தின் மீது மதமாற்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால், அந்தப் பள்ளியின் நோக்கத்தை வார்டில் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும். கட்டிலில் கிடப்பவர் யாராக இருந்தாலும் தொட வேண்டும். தொடுகிற கைக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். இரக்கம் இருந்து திறமை இல்லாவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார். திறமை இருந்து இரக்கம் இல்லாவிட்டால் நோயாளி அருகில் விட மாட்டார். வேலூர் கல்லூரி தனக்கென்று எடுத்துக்கொண்ட குறிக்கோள் வாசகமும் இதைத்தான் சொல்கிறது. பைபிளில் இருந்து வந்த அதன் சாரம், பிறரிடம் வேலை வாங்க வரவில்லை, பிறருக்கு வேலை செய்யவே வந்தோம் என்பது.

இதில் ஓர் அமைதியான புரட்சியும் நடந்தது. யார் யாரைத் தொடலாம், தொடக் கூடாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்த ஊரில், தொடுவதையே படிப்பாக, சம்பளம் வாங்குகிற தொழிலாக மாற்றிக் காட்டினார்கள் அந்தப் பெண்கள்.

மரத்தடியில் மருந்துக் கடை

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்? அவர்களைத் தேடி ஐடாவே போனார். முதலில் வண்டி மாடு, பிறகு 1909-ல் ஒற்றை சிலிண்டர் பியூஜோ கார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில் வாரா வாரம் பயணம். குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண், கண் நோய், தொழுநோய், வயிற்றுவலி என்று ஜனங்கள் காத்திருப்பார்கள். கார் சத்தம் கேட்டுப் பேய் வருகிறது என்று மக்கள் மிரண்டு ஓடியதாகவும் கதைகள் உண்டு!

சாலையோர மருந்தகம் என்று பெயர் பெற்ற இந்தப் பயணத்தில் நர்ஸ்களும் போனார்கள். மருந்து ஊற்றிக் கொடுப்பது, புண் கழுவிக் கட்டுவது, எப்போது திரும்ப வரணும்னு புரிகிற மாதிரி சொல்வது, எல்லாம் அவர்கள் வேலை. டாக்டர் ஒருவரைப் பார்க்கிற நேரத்தில் இவர்கள் பத்துப் பேரைக் கவனித்து அனுப்பினால்தான் அடுத்த மரத்தடிக்கு நேரத்துக்குப் போக முடியும். இன்று நம்ம ஊருக்கு மருத்துவ முகாம் வேன் வருதே, அதற்கு முன்னோடி இந்த மரத்தடிதான்.

மூன்று பேர் வந்தாலே பெரிது

நர்சிங் பள்ளி கால் ஊன்றிய பிறகுதான் அடுத்த படி. 1918-ல் பெண்களுக்கென்று மட்டும் ஒரு மருத்துவப் பள்ளியைப் பல மிஷன் அமைப்புகளின் கூட்டு முயற்சியாகத் தொடங்கினார் ஐடா. அனுமதி கொடுத்த அரசாங்க மருத்துவ அதிகாரிக்கே நம்பிக்கை இல்லை. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார். வந்த விண்ணப்பங்கள் 151! இடமில்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. முதல் அணியில் 14 பெண்கள் 1922-ல் இறுதித் தேர்வு எழுதினார்கள். 14 பேரும் பாஸ். ஒருவர்கூடத் தோற்கவில்லை.

எல்லாமே ஏறுமுகமாக இருக்கவில்லை. 1930-களின் இறுதியில் அரசு ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. இனி டிப்ளோமா அளவிலான மருத்துவப் படிப்பு செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம். அதற்கேற்ற கட்டடம், பேராசிரியர்கள், ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டும். பணம் இல்லை. மூடுவிழா ஆபத்து.

அப்போது ஐடாவுக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. ஓய்வெடுக்கிற வயதில் 1941-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பி, ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். அதிலும் ஒரு தர்மசங்கடம். கல்லூரி பிழைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்த்து எல்லா மிஷன்களின் ஆதரவையும் பெற வேண்டும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்காக என்று பணம் கொடுத்த பழைய தோழிகள் சிலர் இதை நம்பிக்கைத் துரோகமாகப் பார்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால், கல்லூரியே இல்லாமல் போனால் பெண்களுக்கும் எதுவும் மிஞ்சாது என்று ஐடா அந்த யோசனையை ஏற்றார். 1942-ல் எம்.பி.பி.எஸ் படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழக அங்கீகாரம் கிடைத்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

இந்தப் பரபரப்பில் நம்ம நர்சிங் பள்ளி என்ன ஆனது என்று கேட்கிறீங்களா? அது சத்தமில்லாமல் இன்னொரு வரலாறு படைத்தது. 1946-ல் அது நர்சிங் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. டாக்டர் சொன்னதை மட்டும் செய்கிறவர் இல்லை நர்ஸ்; அவருக்கென்று தனி அறிவு, தனிப் படிப்பு, தனிப் பொறுப்பு உண்டு என்பதற்குப் பல்கலைக்கழக முத்திரை கிடைத்தது.

அதே 1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். பிறகு பொறுப்பேற்றவர் ஹில்டா லாசரஸ், ஓர் இந்தியப் பெண் டாக்டர். தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கணும், இந்த மண்ணின் பெண்களே நடத்தணும். அதற்குத்தானே இத்தனை பள்ளியும்! கொடைக்கானலில் கடைசிக் காலத்தைக் கழித்த ஐடா, 1960 மே மாதம், 89-வது வயதில் மறைந்தார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 2000-ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

இப்போ உங்க முறை

சரி, திண்ணைப் பெரியவருக்கு வருவோம். அவரிடம் சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு தகவலைச் சொல்லுங்க. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அந்த இரவில் திண்டிவனத்தில் மூன்று பெண்கள் செத்த மாதிரி, தொட ஆளில்லாமல் ஒரு தாய் சாவது இன்று நமக்கு நம்பவே முடியாத விஷயமாகிவிட்டது. அரசின் திட்டங்கள், டாக்டர்கள், 108 ஆம்புலன்ஸ் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால், உங்க அம்மா வயித்துல நீங்க இருந்தப்போ வீட்டுக்கே வந்து எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தடுப்பூசி தேதியை அட்டையில எழுதிட்டுப் போனது யார்? ஊர்ல எல்லோரும் நர்ஸம்மான்னு கூப்பிடுவாங்களே, அந்தக் கிராம சுகாதார செவிலியர்தான். பெரியவர் வீட்டுப் பேரக்குழந்தைகளும் அவங்க கை பட்டவங்களாத்தான் இருப்பாங்க.

நர்சிங்ல எல்லாமே நல்லா இருக்குன்னு நான் சொல்ல வரலை. ஒப்பந்த நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுறதை நீங்களும் நியூஸ்ல பார்த்திருப்பீங்க. பல தனியார் இடங்களில் சம்பளம் குறைவு, வேலை அதிகம். மரியாதை வாயளவில் இருக்கிற அளவுக்குச் சம்பளத்தில் இல்லை. அதனால கண்ணை மூடிட்டுச் சேராதீங்க. மூன்று வருட டிப்ளோமாவா, நான்கு வருட பி.எஸ்சி நர்சிங்கா என்று யோசிங்க. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. படிக்கிற இடத்துல பயிற்சிக்கு நிஜமான நோயாளிகள் வருகிற மருத்துவமனை இருக்கான்னு விசாரிங்க.

ஆனால், அடுத்தவங்க பீ மூத்திரம் அள்ளுற வேலைதானேன்னு மட்டும் இந்தப் படிப்பை ஒதுக்காதீங்க. பெத்த குழந்தைக்கு அதைச் செய்யுறவங்களை நாம அம்மான்னு கூப்பிடுறோம். யாருன்னே தெரியாத ஒருத்தருக்கு, ராத்திரி 2 மணிக்கு, படிச்ச கையால அதைச் செய்யுறவங்களுக்குத்தான் நர்ஸ்னு பேரு.

திண்டிவனத்தில் அந்த இரவு கதவைத் தட்டியவர்கள் தேடி வந்தது அப்படி ஒருத்தியைத்தான். உங்க ஊர்லயும் ஒருநாள் ராத்திரி யாராவது கதவைத் தட்டுவாங்க. அப்போ எழுந்து போகத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அந்தத் தெருவுல இருந்தா நல்லா இருக்கும்தானே?